பசை டப்பாவும் என் கால்விரல்களும்

மும்பையின் சயான் ஸ்டேஷன் பாலத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் மராத்தியில் யாரையோ கூப்பிட்டாள். மழை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. படியெல்லாம் சேறு, தலைக்கு மேல் குடைகள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அவள் கூப்பிட்டது என்னைத்தான் என்று தெரியாமல் நான் மேலும் நான்கைந்து படி ஏறிவிட்டேன். அவள் ஓடிவந்து என் முழங்கையைத் தொட்டாள். அவள் கையில் ஒரு செருப்பு. நீல வார் வைத்த, என் இடது கால் செருப்பு. குனிந்து பார்த்தேன். என் கால் வெறுங்காலாகச் சேற்றில் நின்றுகொண்டிருந்தது.

மழையில் செருப்பு கழன்று விழுவது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் விழுந்த மறுநொடியே கால் சொல்லிவிடும். என் கால் எதுவும் சொல்லவில்லை. சேற்றின் குளிர்ச்சி கணுக்காலில்தான் தெரிந்தது. அவளுக்கு நன்றி சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆண்டாப் ஹில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். அசைந்தன. வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புடவை ஊக்கை எடுத்துப் பெருவிரலில் குத்தினேன். யாரோ போர்வைக்கு மேலே விரலை வைத்து அழுத்துவதுபோல ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். சுண்டு விரலில் அதுவும் இல்லை. பாதத்தின் நடுவில் கொஞ்சம் தெரிந்தது. கணுக்காலில் சுள்ளென்று வலித்தது. வலது காலிலும் அதே போலத்தான். இரண்டு கால்களிலும் அளந்து கோடு போட்டதுபோல ஒரே இடத்தில் உணர்ச்சி நின்றிருந்தது. பயம் பிறகுதான் வந்தது. அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கோடுதான். ஏன் சரியாக அங்கே நிற்கிறது?

அப்போது நான் தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தோல் பை பட்டறையில் வேலை பார்த்தேன். கீழே தோலையும் துணியையும் வெட்டுகிற இடம். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. அங்கே நான்கு தையல் மெஷின்கள், நான்கு பீகார்க்காரர்கள். அவர்கள் கால்மாட்டில், தரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒட்டுகிற வேலை எங்கள் இருவருக்கு. நானும், எனக்கு எதிரே ஓர் அக்காவும். அக்காவுக்கும் எனக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர், பதினான்கு வருஷமாக ஒட்டுகிறவர். நான் சேர்ந்து இரண்டு வருஷம் முடியப்போகிறது.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு டப்பா. பழைய பெயிண்ட் டப்பாதான். அதில் பசை. பட்டறையில் அதைச் சொலூஷன் என்பார்கள். பஞ்சர் கடையில் டியூபுக்குத் தடவுவார்களே, அந்த ஜாதி. தேன் நிறத்தில் இருக்கும். பிரஷ்ஷால் தொட்டுத் தோலில் ஒரு பூச்சு, உள்துணியில் ஒரு பூச்சு, கொஞ்சம் காயவிட்டு இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். பசை கெட்டியானால் தின்னர் ஊற்றிக் கலக்க வேண்டும். பையின் விளிம்புகளுக்கு அடிக்கிற பெயிண்டிலும் தின்னர்தான். சாயங்காலம் கையில் காய்ந்திருக்கும் பசையையும் பெயிண்டையும் கழுவுவதற்கும் தின்னர்தான். பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் கை சில்லென்று ஆகி, வெள்ளை பூத்து, சுத்தமாகிவிடும்.

சேர்ந்த புதிதில் எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. பத்து நாளில் அது போய்விட்டது. வாசனையும் போய்விட்டது. டப்பாவுக்குள் குனிந்தால்கூட மூக்கில் எதுவும் ஏறாது. வேலை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் மாறுவார்கள். என் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "அம்மா, உன் மேல பஞ்சர்வாலா ஸ்மெல் வருது. ஜா, முதல்ல குளி" என்பாள். எனக்கு மட்டும் எதுவும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நாங்கள் இருவரும் அப்படிச் சிரிப்போம். என்ன பேசினாலும் சிரிப்பு. அக்கா தன் மாப்பிள்ளை குறட்டை விடுவதைச் செய்து காட்டுவார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன். மெஷின்காரர்களுக்கு எங்கள் தமிழ் புரியாது. ஆனாலும் எங்கள் சிரிப்பைப் பார்த்து அவர்களும் சிரிப்பார்கள். தலை இலேசாக மிதப்பதுபோல இருக்கும். அந்த நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

மரத்துப்போன கால் விஷயத்தை முதலில் சர்க்கரை என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் காலில் உணர்ச்சியில்லை என்றால் எல்லாரும் சொல்கிற காரணம் அதுதான். தெருமுனை டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இல்லை. அவர் சத்து ஊசி ஒரு பத்து எழுதிக்கொடுத்தார். போட்டேன். கோடு நகர்ந்தது. ஆனால் மேல் நோக்கி. ஆடி முடிவதற்குள் பாதம் முழுவதும் போய் கணுக்காலைத் தொட்டுவிட்டது. நான் தினமும் ஊக்கால் குத்திப் பார்த்து, அந்த இடத்தில் மகளின் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். ரவிக்கைக் கொக்கி மாட்ட நேரம் பிடித்தது. காஸ் அடுப்பின் திருகு கையில் நிற்கவில்லை. விக்ரோலியில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தினமும் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அவர் தேய்ப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தேய்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மகள் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா, நீ நடக்கும்போது டப் டப்னு சத்தம் வருது. என்ன அது?" என்று கேட்டாள்.

நான் நடந்து பார்த்தேன். உண்மைதான். முன்பாதம் தூக்காமல், தரையில் அறைந்தபடி விழுந்தது.

அக்காவின் விஷயம் தெரிய வந்தது அதற்கடுத்த வாரம். மழை பலத்திருந்தது. மேல் அறையில் ஒரே ஒரு ஜன்னல். தோல் நனைந்துவிடக் கூடாதென்று அதை நீலத் தார்ப்பாயால் மூடி ஆணி அடித்திருந்தார்கள். பதினொரு மணிக்கு டீ வந்தது. அக்கா வாங்கும்போது கண்ணாடி கிளாஸ் சரிந்து, கொதிக்கக் கொதிக்க டீ முழுவதும் அவர் வலது பாதத்தில் கொட்டியது. நான் அலறினேன். அக்கா காலை இழுக்கவே இல்லை. கிளாஸையும் சிந்திப்போன டீயையும் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"அக்கா, கால்ல கொட்டிட்டு!"

அப்போதுதான் குனிந்து பார்த்தார். தோல் சிவந்துகொண்டிருந்தது. சேலையை இழுத்துக் காலை மூடினார்.

"சுடலையா அக்கா?"

"சூடு ஆறிப்போன டீதான். நீ வேலையப் பாரு."

"ஆவி பறக்கு. உங்களுக்கும் மரத்துப் போயிருக்கா?"

அக்கா மெஷின்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்குத் தமிழ் புரியாதென்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏட்டி, யாருகிட்டயும் சொல்லிராத. வயசாவுதுல்லா, அதான்."

"எனக்கு வயசாவலையே அக்கா. எனக்கும் இருக்கு."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "உனக்குமா? எம்புட்டு நாளா?"

"மழை தொடங்கினதுல இருந்து. உங்களுக்கு?"

"எனக்குப் போன மழையிலயே வந்துச்சு. கோடையில கொஞ்சம் விட்டுச்சு. இப்ப மறுபடியும் வந்துட்டு."

அன்று முழுவதும் என் மனம் இதையே சுற்றியது. ஆறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரே டீயைக் குடிக்கிறோம், ஒரே குழாய்த் தண்ணீர். நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. நான் அவர்களை இந்தியில் ஒவ்வொருவராகக் கேட்டும் பார்த்தேன். ஒருவருக்குத் தலைவலி மட்டும் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது என்றார். கால் நன்றாகத்தான் இருக்கிறதாம். அவர்கள் ஸ்டூலில் இருக்கிறார்கள், நாங்கள் தரையில். அவர்கள் ஆண்கள், நாங்கள் பெண்கள். அவர்கள் தைக்கிறார்கள், நாங்கள் ஒட்டுகிறோம். இந்த மூன்றில் எது? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் கேள்வி கிடைத்துவிட்ட பிறகு சத்து ஊசி போட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்புப் பிரிவில் வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. உள்ளே இருந்தவர் சின்ன வயது மராத்திப் பெண் டாக்டர். காலைத் தட்டிப் பார்த்தார். ஓர் இரும்புக் கவையை அதிரவைத்துக் கணுக்காலில் வைத்தார். அதிர்வு தெரிகிறதா என்றார். தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோது தெரிந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"தோல் பைக்குப் பசை ஒட்டுகிறேன்."

அவர் பேனாவை மூடினார். பின்னால் அத்தனை பெரிய வரிசை நின்றிருந்தும் அவசரமே படவில்லை. என்ன பசை, டப்பாவுக்கு மூடி உண்டா, முகத்துக்கும் டப்பாவுக்கும் எவ்வளவு தூரம், ஜன்னல் எங்கே, கையை எதில் கழுவுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "உங்களோடு வேலை செய்யும் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?" என்றார். அக்கா யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருந்தார். இருந்தாலும் சொன்னேன்.

நரம்புப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். காலில் சின்னச் சின்னதாகக் கரண்டு கொடுத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று திரையில் பார்க்கிறார்கள். முழங்காலுக்குப் பின்னால் கொடுத்தபோது துள்ளிவிட்டேன். கணுக்காலில் கொடுத்தபோது கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். திரையில் பச்சைக் கோடு மேடு பள்ளமாக எழ வேண்டிய இடத்தில் சோம்பலாக ஒரு சிறு மேடு வந்து படுத்துக்கொண்டது.

அடுத்த முறை வரும்போது பசையின் பெயரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நாங்கள் வைத்திருந்த டப்பாவில் பெயர் இருக்காது. அது பெரிய பீப்பாயிலிருந்து ஊற்றுவது. ஏணிக்கு அடியில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் அந்தப் பீப்பாய் இருந்தது. மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் அதில் ஒட்டியிருந்த காகிதத்தைப் போனில் படம் எடுத்தேன். வீட்டில் மகள் படத்தைப் பெரிதாக்கி ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னாள்.

"காற்றோட்டமான இடத்துல யூஸ் பண்ணணும்னு போட்டிருக்கு அம்மா. ஆவியை மூச்சுல இழுக்கக் கூடாதாம். தோல்ல படக் கூடாதாம்."

"வேற என்ன?"

"கீழ ஏதோ கெமிக்கல் நேம். ஹெக்ஸேன்."

அந்தச் சொல்லைத் தமிழில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் தலையை ஆட்டினார். பசையை இளக்கமாக வைத்திருப்பது அதுதானாம். பசை காயும்போது அது காற்றில் போய்விடுகிறது. காற்றில் போனது எங்கே போகும்? காற்று வெளியே போக வழி இருந்தால் வெளியே போகும், இல்லாவிட்டால் நம் மூச்சுக்குள். உடம்புக்குள் போனதும் அது வேறொன்றாக மாறி நரம்பைக் கெடுக்கிறது என்றார்.

"அப்படியானால் ஏன் கால்விரல் முதலில்? மூச்சு போவது மூக்கில் அல்லவா?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மனித உருவம் வரைந்தார். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஒரு நீளமான கோடு இழுத்தார். உடம்பிலேயே நீளமான நரம்புகள் இவைதான், கேடு வந்தால் தூரத்து முனைதான் முதலில் பட்டினி கிடக்கும் என்றார். எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் குறையும் நாட்களில் கடைசி வீட்டுக்குத்தான் முதலில் வராமல் நிற்கும். எனக்குப் புரிந்துவிட்டது. கால்விரலுக்குப் பிறகு பாதம், பிறகு கைவிரல். நான் பேனாவால் வைத்த புள்ளிகள் இந்த வழியாகத்தான் ஏறியிருக்கின்றன.

"மெஷினில் இருக்கும் ஆண்களுக்கு ஏன் இல்லை?"

"அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தாழத்தான் தங்கும். நீங்கள் தரையில் இருக்கிறீர்கள். டப்பா உங்கள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. போதாததற்குத் தினமும் கையைத் தின்னரில் கழுவுகிறீர்கள்."

தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டேன். சாயங்காலச் சிரிப்பைப் பற்றி. அவர் சிரிக்கவில்லை. அந்த ஆவி மூளைக்குப் போனால் முதலில் ஒரு மிதப்பு வரும், சாராயம் குடித்தவர்களைப்போல, என்றார். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அக்காவும் நானும் சிரித்ததில் எவ்வளவு எங்களுடையது, எவ்வளவு டப்பாவுடையது? காலைவிட அதுதான் அன்று எனக்கு வலித்தது.

வேலையை உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறை முதலாளியிடம் போனேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். எல்லாரும் அண்ணாச்சி என்போம். கெட்ட மனிதர் இல்லை. கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டார்.

"என்னம்மா சொல்லுத? நான் பதினெட்டு வயசுல இருந்து இதே பசைய ஒட்டுனவன். என் காலு என்ன வெளங்காமலா போச்சு?" என்று சொல்லி, மேஜைக்கு வெளியே காலை நீட்டி விரல்களை ஆட்டிக் காட்டினார். "வேற ஏதாச்சும் இருக்கும். நல்ல டாக்டராப் பாரு. ஒடம்பு சரியானதும் வா, ஒன் எடம் இருக்கும்."

என்னோடு வேலையை விட்டு நின்றுவிடும்படி அக்காவையும் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. "நீ போய்ச் சரியாயிட்டு வா, பாப்போம். சரியாச்சுன்னா நானும் நின்னுக்கிடுதேன்" என்றார். என்னைத் தன் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டார்.

நின்றேன். சரியாகவில்லை. மோசமானது.

முதல் மாதம் கோடு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி நின்றது. கால் இரண்டும் மெலிந்தன. சுவரைப் பிடிக்காமல் கக்கூஸுக்குப் போக முடியவில்லை. பொதுக் கக்கூஸ் இருபது வீடு தள்ளி இருந்தது. மகள் காலையில் கல்லூரிக்குப் போவதற்கு முன் என்னைக் கூட்டிப்போய் வருவாள். கைவிரல்களால் மாவு பிசைய முடியவில்லை. பசையை விட்டு ஆறு வாரம் ஆகியும் ஏன் ஏறுகிறது? டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரா? அந்த ஆறு வாரமும் நான் உள்ளுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே கிடந்தேன்.

தீபாவளிக்கு முன்பு அண்ணாச்சி ஸ்வீட் பெட்டியோடு அக்காவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் சுவரைப் பிடித்து நடந்து வருவதைப் பார்த்து இருவர் முகமும் மாறிவிட்டது.

"பாத்தியாம்மா, நான் அன்னைக்கே சொன்னேன்லா?" என்றார் அண்ணாச்சி. குரலில் வெற்றி எதுவும் இல்லை, இரக்கம்தான். "பசைய விட்டும் இப்பிடின்னா, இது பசையில்ல. பாவம், எதையோ நெனச்சு வேலைய விட்டுட்ட."

அக்கா என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் பாதத்தின் சூடு தெரிந்ததா என்று தெரியாது. எனக்கு அவர் கை தெரியவில்லை.

வீட்டுக்காரரோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்ததும், "நான் முதலிலேயே சொன்னேனே, மோசமாகிவிட்டுத்தான் சரியாகும் என்று" என்றார். வேலையை நிறுத்தச் சொன்ன அன்று அவர் ஆயிரம் விஷயம் சொன்னார். இந்தி எனக்குக் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். இது மட்டும் காதில் விழவேயில்லை. இந்த விஷத்தின் குணமே அப்படியாம். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கெட்டுக்கொண்டே போகும். ஏற்கெனவே அடிபட்ட நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து முடிய வேண்டும். அதன் பிறகுதான் வளரத் தொடங்கும். முனை வரை வளர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷத்துக்கு மேலும் ஆகும் என்றார்.

"ஆனால் அங்கே எல்லாரும் பசை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்" என்றேன். "நான் மோசமானதைப் பார்த்து அந்த அக்கா இன்னும் ஒட்டுகிறார்."

அவர் என் சீட்டை ஓரமாக வைத்தார். பிறகு, "அந்த அறையை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

நான் எதிர்பார்க்கவில்லை. அது அவர் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் தோளில் பையோடு வந்தார். நான் கீழே வெட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஏணி ஏற முடியாது. மழை நின்று ஒரு மாதமாகியும் ஜன்னலில் தார்ப்பாய் அப்படியே இருந்தது. தூசி வராமல் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். மேலே நடந்ததை எனக்கு அக்காவும் அண்ணாச்சியும் மாறி மாறிச் சொன்னார்கள்.

ஏறியதும் டாக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாராம். பிறகு என் இடத்தில், பாயில், அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா வழக்கம்போல ஒட்டினார். டாக்டர் வாசனை எப்படி இருக்கிறது என்று போனில் குறித்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு டப்பாவை முகர்ந்தார்.

"எனக்கு இப்போது வாசனையே தெரியவில்லை" என்று அண்ணாச்சியிடம் சொன்னாராம். சொல்லும்போது அவர் முகமே பயந்துபோயிருந்தது என்றார் அக்கா. "பழகிவிட்டது என்று நினைப்போம். மூக்கு மட்டும்தான் பழகுகிறது. உடம்பு பழகுவதில்லை." பசையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் மோசமாகிவிட்டுத்தான் சரியாகும் என்பதையும் அவர்களுக்கு விளக்கினாராம்.

பிறகு தையல் மெஷினிலிருந்து ஒரு முழம் நூல் கேட்டு வாங்கி, அதன் நுனியில் டிஷ்யூ காகிதத் துண்டைக் கட்டி, டப்பாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அது ஆடவே இல்லை. அண்ணாச்சியும் மெஷின்காரர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஜன்னல் தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். ஆணியைப் பிடுங்கி எடுத்ததும் காகிதம் மெல்ல ஆடியது.

அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கீழே இறங்கி வந்ததும் என் பக்கத்தில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"நான் ஒட்டுனது எங்கன தெரியுமா?" என்றார். "மாஹிம் பக்கம் ரோட்டோரத்துல. மேல ஒரு ஷீட்டு, நாலு பக்கமும் தொறந்து கெடக்கும். காத்து அடிக்கும், மழையும் அடிக்கும். எப்படா ஒரு ரூமு எடுப்போம்னு கெடந்தேன். எடுத்த ரூமுல ஒங்கள ஒக்கார வச்சுட்டேன்."

 அவரும் தெரிந்து செய்யவில்லை. பீப்பாயில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்கும் ஆங்கிலம் எங்கள் யாருக்கும் இல்லை.

அன்றைக்கே அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சி அவரைக் கீழே உள்துணி வெட்டப் போட்டார். ஒட்டுகிற வேலையைத் தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றினார்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், தரையை ஒட்டி, காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி ஒன்றை வைத்தார்கள். உயரத்தில் வைத்தால் போதாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டப்பாவுக்கு மூடி வந்தது, பிரஷ் நுழைகிற அளவுக்கு ஓட்டையோடு. கை கழுவத் தேங்காய் எண்ணெயும் சோப்பும். ஒட்டுகிற ஆளை மாதத்துக்கு ஒரு முறை மாற்றினார்கள். உள்துணிக்கு மட்டும் தண்ணீரில் கரைகிற பசை வாங்கினார்கள். அது காய நேரம் எடுக்கிறதென்று அண்ணாச்சி இன்று வரை புலம்புகிறார். ஆனால் நிறுத்தவில்லை. துணி மாஸ்க் போட்டால் போதுமா என்று ஒருவர் கேட்டதற்கு, ஆவி துணியில் நிற்காது, தூசிதான் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆர்டர் வந்தால் மூடி திறந்தேதான் கிடக்கிறது. அக்காதான் கீழேயிருந்து சத்தம் போடுவாராம்.

எனக்கு மாற்றம் தெரிந்தது மாசி மாதத்தில். காலில் எறும்பு கடிப்பதுபோல முதலில் ஓர் அரிப்பு. பிறகு வலி. நெருப்பில் வைத்ததுபோல விரல்நுனிகள் எரிந்தன. அழுதேன், ஆனால் மகளைக் கூப்பிட்டு, "வலிக்குடி!" என்று சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. புள்ளிகள் கீழே இறங்கத் தொடங்கின. கோரைப்பாயின் வரிகள் தெரிந்தன. ஈரமான இடம், காய்ந்த இடம் என்று காலாலேயே பிரித்துப் பார்ப்பேன். சமையலறைக் கல்லில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, எங்கே வெடிப்பு இருக்கிறது என்று தடவித் தடவித் தேடுவேன். வீட்டுக்காரர் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஒரு வருஷத்தில் என் நடை சரியாயிற்று. பதினான்கு வருஷம் ஒட்டிய அக்காவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு காலிலும் சுண்டு விரல்கள் இன்னும் தூக்கத்தில்தான் இருக்கின்றன. நாங்கள் இருவரும் செவ்வாய்க்கிழமைகளில் செம்பூர் முருகன் கோயிலுக்குப் போகிறோம். படி ஏறும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார். முதல் சில வாரம் எங்களுக்குள் பேச்சே ஓடவில்லை. நான்கு மணிச் சிரிப்பு இல்லாமல் நாங்கள் யார் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் அவர் மாப்பிள்ளையின் குறட்டையைச் செய்து காட்டினார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். இருவரும் சிரித்தோம். பழைய அளவுக்கு இல்லை. இருந்தாலும் இது முழுக்க எங்களுடையது.

நான் இப்போது வேறொரு பட்டறையில் தைத்த பைகளைச் சரிபார்த்து அடுக்குகிறேன். அங்கே பசை இல்லை. ஆனால் போகிற வருகிற சந்துகளில் எட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. போன மாதம் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, கவரிங் நகைகளுக்குப் பெயிண்ட் ஸ்ப்ரே அடிக்கிற இடத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். குழாயடியில் நின்றிருந்தோம்.

"அக்கா, எனக்கு மூக்கு சிந்துனா கலர் கலரா வருது" என்றாள், வேடிக்கைபோல.

"எந்தக் கலர்?"

"அன்னைக்கு என்ன அடிச்சனோ அது."

"எல்லாக் கலருக்கும் ஒரே மாதிரி இருக்கா? இல்ல சிலது அடிச்ச அன்னைக்கு மட்டும் நெஞ்சு அடைக்கா, தலை சுத்துதா?"

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை போலும். விரல்களை மடக்கிப் பச்சை, சிவப்பு, தங்கம் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்கத் தொடங்கினாள். பின்னால் நின்றவர்கள் குடத்தை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். நான் அவள் குடத்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.